வாளையாறு தாண்டி வரும் புதிய ஆய்வாளருக்கு: கிளஸ்டரில் கணக்கு வாங்கி முதல் ஜாப் ஓட்டும் வரை

ஆராய்ச்சிக்குச் சேர்ந்த முதல் மாதத்திலேயே கைடு சொல்லிவிடுவார்: "லேப்டாப்பில் வேண்டாம், கிளஸ்டரில் ஓட்டுங்கள்." கிளஸ்டர் என்பது பல கணினிகளை ஒன்றாக இணைத்து எல்லாரும் பகிர்ந்துகொள்ளும் பெரிய இயந்திரம்; அதில் ஓட்டக் கொடுக்கும் ஒவ்வொரு வேலையும் ஒரு ஜாப். ஃபார்ம் கொடுத்து மூன்று வாரம் ஆகியும் உள்ளே போக முடியாமல் தவிப்பவர்கள் எல்லா ஆய்வகத்திலும் உண்டு. இந்தத் தாமதத்துக்கு இயந்திரம் காரணமாக இருப்பது அபூர்வம். பெயர் பொருந்தாத ஃபார்ம், பாதியில் உடைந்த கீ (நுழைவுச் சாவியாகும் கோப்பு), ப்ராஜெக்ட்டோடு சேர்க்கப்படாத கணக்கு ஆகிய மூன்றில் ஒன்றுதான் பெரும்பாலும் வழியை மறித்து நிற்கும். மூன்றையுமே நீங்களே முன்கூட்டிப் பார்த்துச் சரிசெய்ய முடியும்.

கோவை, பொள்ளாச்சியிலிருந்து பாலக்காட்டுப் பக்கம் போய்ப் படிப்பவர்களையும், கொழிஞ்சாம்பாறை, சித்தூர் வட்டாரத் தமிழ் மாணவர்களையும், திருத்தணி, நகரி, புத்தூர் வழியாகத் திருப்பதிக்கும் ஏர்ப்பேட்டுக்கும் போகிறவர்களையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறோம். பாலக்காடு, திருப்பதி இரண்டு ஊர்களிலும் ஐஐடி தொடங்கியது 2015இல். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனி விதிகள் இருந்தாலும் அடியில் ஓடுவது ஒன்றேதான்: லினக்ஸ் இயங்குதளம், தொலைவிலிருந்து பாதுகாப்பாக இணைக்கும் எஸ்எஸ்எச் வழியாக நுழைவு, பெரும்பாலும் எந்த ஜாப் எப்போது ஓடும் என்று முடிவு செய்யும் ஸ்லர்ம் என்கிற வரிசை மேலாளர்.

கட்டளைகளை இங்கே உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறோம். டெர்மினலில் அவற்றைச் சிறிய ஆங்கில எழுத்துகளில், இடைவெளியும் கோடும் பிசகாமல் அடிக்க வேண்டும்.

எந்த இயந்திரம் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

உங்கள் துறையோ நிறுவனமோ வைத்திருக்கும் கிளஸ்டர் ஒரு வகை. நாட்டுக்குப் பொதுவாக அமைத்த பெரிய இயந்திரங்கள் இன்னொரு வகை. 2015இல் தொடங்கிய தேசிய சூப்பர்கம்ப்யூட்டிங் மிஷனின் கீழ் வந்தவை பரம் வரிசை இயந்திரங்கள். திருச்சி என்ஐடியில் உள்ள பரம் பொருள் 2022இல் திறக்கப்பட்டது. அதன் உச்சத் திறன் 838 டெராஃப்ளாப் (ஒரு டெராஃப்ளாப் என்றால் விநாடிக்கு லட்சம் கோடி கணக்கீடு). ஆந்திர எல்லையில் இருப்பவர்கள் ஹைதராபாத் ஐஐடியின் பரம் சேவா பெயரைக் கேட்டிருப்பார்கள். பெங்களூரு ஐஐஎஸ்சியில் உள்ள பரம் பிரவேகா 3.3 பெட்டாஃப்ளாப், அதாவது 3,300 டெராஃப்ளாப். இந்த மிஷனின் பயிற்சிக்கென்று அமைந்த நான்கு மையங்களில் பாலக்காடு ஐஐடியும் ஒன்று. மற்ற மூன்றும் கரக்பூர், சென்னை, கோவா ஐஐடிகளில் இருக்கின்றன. பயிற்சி அறிவிப்பு வந்தால் விடாமல் சேருங்கள்.

புதியவர் முதலில் தன் நிறுவனத்துக் கிளஸ்டரில் கை பழகுவதே நல்லது. பெரிய இயந்திரத்துக்கு விண்ணப்பிக்கும்போது எத்தனை கோர்-மணி (ப்ராசஸரின் ஒரு கோர் ஒரு மணி நேரம் ஓடுவது) வேண்டும், ஏன் வேண்டும் என்று எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும். ஒரு ஓட்டமாவது ஓட்டிப் பார்க்காமல் அந்த எண்ணை நேர்மையாக எழுத முடியாது. கணக்கு எளிது. ஒரு ஓட்டத்துக்கு 40 கோர், 6 மணி நேரம், மொத்தம் 50 ஓட்டங்கள் என்றால் 40 × 6 × 50 = 12,000 கோர்-மணி. தவறிப்போகும் ஓட்டங்களுக்கென்று கால் பங்கு கூட்டி 15,000 கேளுங்கள். எதற்கும் இருக்கட்டும் என்று லட்சத்தில் எழுதினால் பரிசீலிப்பவர் முதலில் சந்தேகப்படுவது அந்த வரியைத்தான்.

ஃபார்ம்: இனிஷியலில் தொடங்கும் சிக்கல்

நம் பெயர்களில் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். விண்ணப்பமோ முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் போட்டு இரண்டையும் கட்டாயமாக்கி வைத்திருக்கும். ஒருவர் அப்பா பெயரைக் கடைசிக் கட்டத்தில் எழுதுவார், இன்னொருவர் இனிஷியலை மட்டும் போடுவார், மூன்றாமவர் தன் பெயரையே இரண்டு கட்டத்திலும் எழுதிவிடுவார். ஆந்திரப் பக்கம் வீட்டுப் பெயர் முன்னால் வருகிற வழக்கம் இருப்பதால், அங்கே ஃபார்மைச் சரிபார்ப்பவர் உங்கள் இனிஷியலை வீட்டுப் பெயராக எடுத்துக்கொள்ளவும் கூடும். பயனர் பெயர், நிறுவன மின்னஞ்சல், அடையாள அட்டை மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை என்றால் விண்ணப்பம் திரும்பி வரும். அல்லது உங்களுக்கே இரண்டு கணக்கு உருவாகி, எதில் அனுமதி இருக்கிறது என்று தெரியாமல் போகும்.

நிறுவன அடையாள அட்டையில் எப்படி இருக்கிறதோ அப்படியே, எழுத்துக்கு எழுத்து, எழுதுங்கள். அட்டையிலேயே பிழை இருந்தால் அட்டையை முதலில் திருத்துங்கள். கிளஸ்டரில் பயனர் பெயரைப் பின்னால் மாற்றுவது நிர்வாகிக்குப் பெரிய வேலை. பலர் மாற்றித் தரவே மாட்டார்கள்.

மின்னஞ்சல் நிறுவனம் கொடுத்ததாகவே இருக்கட்டும். ஜிமெயில் முகவரி கொடுத்தால் நீங்கள் யாரென்று உறுதிசெய்ய அவர்களுக்கு வழியில்லை. கணக்கு முடியும் தேதி கேட்டால் உங்கள் பதிவு முடியும் தேதியை எழுதுங்கள். தேவைப்படும் மென்பொருள்களைப் பெயரோடு பதிப்பு எண்ணையும் சேர்த்துக் குறிப்பிடுங்கள். வாஸ்ப், காஸியன் போன்ற உரிமம் உள்ள மென்பொருள்கள் கிளஸ்டரில் நிறுவப்பட்டிருந்தாலும் எல்லாருக்கும் திறந்திருக்காது. வாஸ்ப்பில் உரிமம் ஆய்வுக் குழுவின் பெயரில் இருக்கும். உங்கள் பெயரை அதில் சேர்க்கச் சொல்லிக் கைடிடம் முதல் நாளே கேளுங்கள். இது கணக்கு வருவதைவிட நாளாகும் வேலை.

கைடின் ஒப்புதல் இப்போது பல இடங்களில் கையெழுத்தாக இல்லை, மின்னஞ்சலில் வரும் ஒரு சுட்டி. அவர் அதைச் சொடுக்கும்வரை உங்கள் விண்ணப்பம் கணினி மையத்தின் கண்ணுக்கே வராது. ஃபார்ம் அனுப்பிய அன்று மாலையே, "சார், கிளஸ்டர் அப்ரூவல் மெயில் ஒன்று வந்திருக்கும், ஸ்பாமிலும் பாருங்கள்" என்று நினைவுபடுத்துங்கள். சுட்டிக்குக் காலக்கெடு இருந்தால், தவறியபின் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

தாளில் கொடுக்கிற இடங்களில் ஒரு சிறு மொழி விஷயம். பாலக்காட்டு அலுவலகத்தில் "ஒப்பு வேணும்" என்றால் உங்கள் ஒப்புதலைக் கேட்கவில்லை, கையெழுத்தைக் கேட்கிறார்கள். திருப்பதிப் பக்கம் அதே கையெழுத்து "சந்தகம்", விண்ணப்பம் "தரகாஸ்து".

கீ: நிதானமாகச் செய்ய வேண்டிய வேலை

பாஸ்வேர்டுக்குப் பதிலாகவோ அதோடு சேர்த்தோ எஸ்எஸ்எச் கீ கேட்பார்கள். கீ எப்போதும் ஜோடியாக வரும். ஒன்று பிரைவேட், உங்கள் லேப்டாப்பை விட்டு வெளியே போகவே கூடாதது. மற்றது பப்ளிக், கிளஸ்டருக்குக் கொடுப்பது. பூட்டும் சாவியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பூட்டை யாரிடம் வேண்டுமானாலும் கொடுக்கலாம். சாவி உங்கள் இடுப்பில்தான் இருக்க வேண்டும்.

விண்டோஸ் 10, 11 இரண்டிலும் பவர்ஷெல்லைத் திறந்தால் எஸ்எஸ்எச் கிடைக்கும். லினக்ஸிலும் மேக்கிலும் டெர்மினல். எஸ்எஸ்எச்-கீஜென் கட்டளையைக் கோடு டி என்ற தேர்வோடு, இடி25519 என்ற வகையைக் குறிப்பிட்டு ஓட்டுங்கள். எங்கே சேமிக்க என்று கேட்டால் எண்டர் தட்டுங்கள். பாஸ்ஃப்ரேஸ் கேட்கும்போது மட்டும் எண்டர் தட்டித் தாண்டாதீர்கள். லேப்டாப் பேருந்தில் தொலைந்தாலும், எடுத்தவர் கிளஸ்டருக்குள் நுழையாமல் தடுப்பது அந்தப் பாஸ்ஃப்ரேஸ் ஒன்றுதான். நாலைந்து சொற்களைக் கோத்த நீளமான வரி போதும். அடிக்கும்போது திரையில் புள்ளிகூடத் தெரியாது. கீபோர்டு நின்றுவிட்டது என்று நினைக்க வேண்டாம், லினக்ஸில் அப்படித்தான்.

முடிந்ததும் உங்கள் ஹோமில் (உங்கள் பெயரில் இருக்கும் சொந்தக் கோப்புறை), புள்ளியில் தொடங்கும் எஸ்எஸ்எச் என்ற கோப்புறையில் இரண்டு கோப்புகள் இருக்கும். பெயர் 'டாட் பப்' என்று முடிவது பப்ளிக் கீ. நோட்பேடில் திறந்தால் ஒரே ஒரு வரி. அதைக் கூர்ந்து பாருங்கள். முதலில் எஸ்எஸ்எச்-இடி25519 என்ற சொல், பிறகு ஓர் இடைவெளி, பிறகு 68 எழுத்துகள் கொண்ட ஒரே சரம், மீண்டும் ஓர் இடைவெளி, கடைசியில் உங்கள் லேப்டாப்பின் பெயர். அந்தச் சரத்தின் முதல் நான்கு எழுத்தும் பெரிய ஏ. எல்லாருக்கும் அப்படித்தான், பயப்பட வேண்டாம்.

கணினி மையத்துக்கு வந்து சேரும் கீகள் உடைவது இந்த ஒரு வரியில்தான். வேர்டில் ஒட்டி அனுப்பினால் 68 எழுத்துச் சரம் இரண்டாக மடங்கி நடுவில் வரி உடையக்கூடும். பிடிஎஃப்பிலிருந்து நகலெடுத்தாலும் அப்படியே. வாட்ஸ்அப்பில் ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினால் அதை யாராலும் பயன்படுத்த முடியாது; பெரிய ஐ எது, சிறிய எல் எது என்று படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாதே. கோப்பையே இணைத்து அனுப்புங்கள், அல்லது போர்ட்டலில் அந்த வரியை முழுதாக ஒட்டுங்கள்.

விண்டோஸில் புட்டி என்ற எஸ்எஸ்எச் மென்பொருளைப் பயன்படுத்துவோருக்குத் தனி எச்சரிக்கை. அதோடு வரும் கீ உருவாக்கியான புட்டிஜென்னில் 'பப்ளிக் கீயைச் சேமி' பொத்தானை அழுத்தினால் கிடைப்பது நான்கு கோடுகளில் தொடங்கும் பல வரிக் கோப்பு. லினக்ஸ் கிளஸ்டர் எதிர்பார்க்கும் ஒற்றை வரி அதுவல்ல. அதே சாளரத்தின் மேல் பெட்டியில் எஸ்எஸ்எச் என்று தொடங்கும் நீள வரி இருக்கும். எடுக்க வேண்டியது அதைத்தான்.

தவறுதலாகப் பிரைவேட் கீயை யாருக்காவது அனுப்பிவிட்டீர்களா? அழித்துவிடச் சொல்லிக் கேட்பதில் பயனில்லை. அந்த ஜோடியையே தூக்கிப்போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று செய்து, பழையதை நீக்கச் சொல்லி உடனே எழுதுங்கள். யாரும் திட்ட மாட்டார்கள். மறைத்து வைத்தால்தான் ஆபத்து.

சீனியரின் கணக்கில் 'தற்காலிகமாக' நுழைவதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். நட்பில் கொடுப்பார்கள், வாங்காதீர்கள். நீங்கள் அழித்த கோப்பும், நீங்கள் தின்ற கோர்-மணியும் அவர் பெயரில் பதிவாகும். பிடிபட்டால் இரண்டு கணக்கும் முடக்கப்படும். அவர் தீசிஸ் எழுதும் நேரமாகவும் அது இருக்கலாம்.

ஓடிபி, விபிஎன்

இரண்டாம் அடுக்காக ஓடிபி கேட்கும் இடங்களில் இரு முறை உண்டு. எஸ்எம்எஸ்ஸில் வருவது சிக்னல் இருந்தால்தான் வரும். அங்கீகாரச் செயலியில் 30 விநாடிக்கு ஒரு முறை மாறும் ஆறு இலக்க எண்ணுக்குச் சிக்னலே வேண்டாம். நேரத்தை வைத்துக் கணக்கிடப்படுவது அது. தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு இருந்தால் செயலியையே எடுங்கள். செயலி எண் தொடர்ந்து தவறு என்று வந்தால் போனின் கடிகாரத்தைப் பாருங்கள். கையால் நேரம் மாற்றி வைத்திருந்தால் ஒரு நிமிடப் பிசகு போதும், எண் செல்லாது. தானியங்கி நேரத்துக்கு மாற்றினால் சரியாகிவிடும். பதிவு செய்யும்போது கொடுக்கும் மாற்றுக் குறியீடுகளைத் தாளில் எழுதி வீட்டில் வையுங்கள். போன் மாற்றும் நாளில் அவைதான் கைகொடுக்கும்.

வளாகத்துக்கு வெளியிலிருந்து நுழைய, வளாக நெட்வொர்க்குக்குள் இருப்பதுபோல் இணைக்கும் விபிஎன் வேண்டும். அதற்குத் தனி அனுமதி என்றால் கிளஸ்டர் ஃபார்மோடு அதையும் கேட்டு வாங்குங்கள்.

முதல் நுழைவு, அதில் வரும் நான்கு பிழைகள்

எஸ்எஸ்எச், ஓர் இடைவெளி, பயனர் பெயர், அட் குறி, கிளஸ்டரின் முகவரி. இதுதான் நுழைவுக் கட்டளை. முதல் முறை "இந்த இயந்திரத்தை எனக்குத் தெரியாது, தொடரலாமா?" என்ற பொருளில் ஒரு கேள்வியும், ஷா256 என்று தொடங்கி 43 எழுத்துகள் கொண்ட ஒரு கைரேகைச் சரமும் வரும். எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு 'யெஸ்' அடிக்கிறார்கள். கணினி மையத்தின் பக்கத்திலோ வரவேற்பு மின்னஞ்சலிலோ அந்தச் சரம் இருக்கும். ஒப்பிட அரை நிமிடம் ஆகும். வேறு யாரோ நடுவில் உட்கார்ந்து கேட்கவில்லை என்று உறுதிசெய்ய உங்களுக்குக் கிடைக்கும் வாய்ப்பு அது ஒன்றுதான்.

நுழைய முடியவில்லை என்றால் "வேலை செய்யவில்லை" என்று எழுதாமல், வந்த பிழை வரியைப் படியுங்கள். அது இடத்தைத் துல்லியமாகக் காட்டும்.

'கனெக்ஷன் டைம்ட் அவுட்' என்றால் நீங்கள் அந்த இயந்திரத்தைத் தொடவே இல்லை. விபிஎன் போடவில்லை, அல்லது முகவரி தவறு. 'கனெக்ஷன் ரெஃப்யூஸ்ட்' என்றால் இயந்திரம் வரை போய்விட்டீர்கள், கதவு எண் தவறு அல்லது அந்தச் சேவை நின்றிருக்கிறது. எஸ்எஸ்எச்சின் வழக்கமான போர்ட் 22. வெளியிலிருந்து வருவோருக்கு வேறு எண் வைத்திருக்கும் இடங்களும் உண்டு. 'பெர்மிஷன் டினைட்', அதன்பின் அடைப்புக்குள் பப்ளிக்கீ என்று வந்தால் கதவு திறக்கத் தயார், உங்கள் சாவி பொருந்தவில்லை: பயனர் பெயர் தவறு, கீ இன்னும் ஏற்றப்படவில்லை, அல்லது வேறு லேப்டாப்பிலிருந்து முயல்கிறீர்கள். நான்காவது, 'ஹோஸ்ட் கீ வெரிஃபிகேஷன் ஃபெயில்ட்'. இயந்திரத்தின் கைரேகை மாறியிருக்கிறது. பெரும்பாலும் லாகின் நோடை (நீங்கள் முதலில் நுழையும் கணினியை) மாற்றி நிறுவியிருப்பார்கள். ஆனாலும் மையத்தில் கேட்டு உறுதிசெய்யாமல் பழைய பதிவை அழிக்காதீர்கள்.

இன்னொன்று விண்டோஸுக்குள் லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு. கீ விண்டோஸின் சி டிரைவில் இருந்து, லினக்ஸ் பக்கத்திலிருந்து அதைப் பயன்படுத்தினால் அதன் அனுமதி 777 (யார் வேண்டுமானாலும் படிக்கலாம், எழுதலாம்) என்று தெரியும். உங்கள் பிரைவேட் கீ பாதுகாப்பற்றது என்று எஸ்எஸ்எச் மறுத்துவிடும். கீயை லினக்ஸ் ஹோமுக்கு நகலெடுத்து, சிஎச்மாட் கட்டளையால் 600 (உங்களுக்கு மட்டும்) ஆக்குங்கள். கோப்புறைக்கு 700.

இதே அனுமதி விஷயம் கிளஸ்டர் பக்கமும் கடிக்கும். லேப்மேட்டுடன் ஒரு கோப்பைப் பகிர வேண்டும் என்று யாரோ சொன்னதைக் கேட்டுத் தன் ஹோமையே 777 ஆக்குவார்கள். அந்த நிமிடம் ஒன்றும் தெரியாது. மறுநாள் காலை நுழைய முயன்றால் கீ மறுக்கப்படும். ஹோம் கோப்புறையில் மற்றவர்கள் எழுத முடியும் என்றால் உள்ளே இருக்கும் கீயை நம்பக் கூடாது என்பது எஸ்எஸ்எச்சின் விதி. வெளியே நிற்கும் உங்களால் அதைத் திருத்த முடியாது, நிர்வாகிதான் திருத்த வேண்டும். பகிர்வதற்கு ப்ராஜெக்ட் கோப்புறை என்று தனியாக இருக்கும், அதைக் கேளுங்கள்.

தவறிய முயற்சிகளை அடுத்தடுத்துச் செய்யாதீர்கள். சில முறை தவறினால் அந்த ஐபி முகவரியைக் கொஞ்ச நேரத்துக்குத் தடுக்கும் மென்பொருள் பல இடங்களில் ஓடுகிறது. ஹாஸ்டல் முழுவதும் ஒரே வெளி முகவரியின் பின்னால் இருந்தால், உங்கள் பத்து முயற்சியால் மாடியில் இருக்கும் எல்லாருக்கும் கதவு அடைபடும்.

உள்ளே போனபின் எதை எங்கே வைப்பது

நீங்கள் வந்து நிற்கும் இடம் லாகின் நோடு. அது எல்லாருக்குமான திண்ணை. கோப்புத் திருத்தலாம், கம்பைல் செய்யலாம், ஜாப் அனுப்பலாம். கணக்கீடு அங்கே ஓட்டக் கூடாது. ஓட்டினால் நூறு பேருக்குத் திரை நகராது, உங்கள் ப்ராசஸையும் கொன்றுவிடுவார்கள்.

சேமிப்பிடம் குறைந்தது இரண்டு இருக்கும். ஹோம் சிறியது, கோட்டா என்ற உச்ச வரம்பு உள்ளது. ஸ்க்ராட்ச் பெரியது, வேகமானது, ஆனால் குறிப்பிட்ட நாள் தொடாத கோப்புகளைத் தானாக அழிக்கும் வழக்கம் உண்டு. நாள் கணக்கு இடத்துக்கு இடம் மாறும். வரவேற்பு மின்னஞ்சலில் தேடி அந்த எண்ணைச் சுவரில் ஒட்டுங்கள். ஸ்க்ராட்ச்சுக்கு பேக்கப் இருக்காது. ஹோமுக்காவது இருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ப்ரோக்ராம், உள்ளீட்டுக் கோப்பு, இறுதி முடிவு மூன்றும் இன்னோரிடத்திலும் இருக்க வேண்டும்.

கோட்டா ஜிபியில் மட்டும் இல்லை, கோப்பு எண்ணிக்கையிலும் இருக்கும். பைதான் போன்றவற்றை நிறுவ உதவும் கோண்டாவில் சூழல் ஒன்றை நிறுவினால் பல்லாயிரம் சிறு கோப்புகள் ஹோமில் கொட்டும். விஎஸ் கோடு எடிட்டரை எஸ்எஸ்எச் வழியாக இணைத்தால் அதுவும் ஹோமில் நூற்றுக்கணக்கான எம்பி இடம் பிடிக்கும். இடம் இருந்தும் 'டிஸ்க் கோட்டா எக்சீடட்' என்று வந்தால் கோப்பு எண்ணிக்கையைப் பாருங்கள்.

டேட்டாவைக் கொண்டுவர ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கட்டளை நல்லது. பாதியில் அறுந்தாலும் திரும்ப ஓட்டினால் முடிந்த கோப்புகளை மறுபடி அனுப்பாது. வீட்டு இணைப்பின் அப்லோட் 20 எம்பிபிஎஸ் என்றால் 50 ஜிபி போய்ச் சேர ஐந்தரை மணி நேரம். ஆயிரக்கணக்கான குட்டிக் கோப்புகளாக இருந்தால் முதலில் டார் செய்து ஒரே கோப்பாக்குங்கள். பெரிய டேட்டாவை ஹார்ட் டிஸ்க்கில் எடுத்துவந்து வளாக நெட்வொர்க்கிலிருந்து ஏற்றுவதே மேல்.

மென்பொருள்கள் தேவைப்படும்போது ஏற்றிக்கொள்ளும் மாட்யூலாக இருக்கும். 'மாட்யூல் அவெய்ல்' பட்டியல் காட்டும், 'மாட்யூல் லோட்' ஏற்றும், 'மாட்யூல் பர்ஜ்' எல்லாவற்றையும் இறக்கும். எவ்வளவு வேண்டும், எதை ஓட்ட வேண்டும் என்று ஸ்லர்முக்கு எழுதிக் கொடுக்கும் கோப்பான ஜாப் ஸ்க்ரிப்ட்டின் உள்ளேயே பர்ஜ் செய்துவிட்டு வேண்டியதை ஏற்றுங்கள். ஆறு மாதம் கழித்து எந்தப் பதிப்பில் ஓட்டினோம் என்று தேட வேண்டியிருக்காது.

முதல் ஜாப்

சிறியதாக ஒன்று அனுப்புங்கள்: டாஸ்க் 1, டாஸ்க்குக்கு சிபியு 4, மெமரி 8ஜி, நேரம் 00:10:00. இயந்திரத்தின் பெயரை அச்சிட்டுவிட்டு முடிகிற ப்ரோக்ராம் போதும். எஸ்பேட்ச் அனுப்பும், எஸ்க்யூ வரிசை காட்டும், எஸ்கேன்சல் நிறுத்தும்.

அனுப்பிய உடனேயே 'இன்வேலிட் அக்கவுண்ட் ஆர் அக்கவுண்ட்/பார்ட்டிஷன் காம்பினேஷன்' என்று வந்தால் உங்கள் மேல் தவறில்லை. லினக்ஸ் கணக்கு வேறு, ஸ்லர்ம் கணக்கு வேறு. முதலாவதை உருவாக்கியவர் இரண்டாவதில் உங்களை ப்ராஜெக்ட்டோடு சேர்க்க மறந்திருப்பார். அந்த வரியை அப்படியே நகலெடுத்து, கைடின் ப்ராஜெக்ட் பெயரோடு அனுப்புங்கள், சில நிமிட வேலை. முன்னே சொன்ன மூன்று தடைகளில் மூன்றாவது இதுதான்.

நேரம் எழுதும் முறையில் ஒரு குழி இருக்கிறது. ஒருநாள் வேண்டும் என்று 24:00 என எழுதுவார்கள். ஸ்லர்ம் அதை 24 நிமிடம் என்று படிக்கும். இரண்டு எண் மட்டும் இருந்தால் நிமிடமும் விநாடியும். 24 மணி நேரத்துக்கு 24:00:00 அல்லது 1-00 என்று எழுத வேண்டும். மெமரியிலும் இப்படியே: வெறும் 8 என்றால் 8 எம்பி, ஜி சேர்த்தால்தான் ஜிபி.

ஹேஷ் குறியோடு பெரிய எழுத்தில் எஸ்பேட்ச் என்று தொடங்கி சிபியு, நேரம் கேட்கும் வரிகள் எல்லாம் ஸ்க்ரிப்ட்டின் தலையில், முதல் நிஜக் கட்டளைக்கு முன்னால் இருக்க வேண்டும். மாட்யூல் லோடுக்குக் கீழே எழுதிய எஸ்பேட்ச் வரியை ஸ்லர்ம் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் விட்டுவிடும். நான்கு சிபியு கேட்டதாக நினைப்பீர்கள், ஒன்றில் ஓடும்.

ஸ்க்ரிப்ட்டை விண்டோஸ் நோட்பேடில் எழுதி ஏற்றினால் வரி முடிவுக் குறி வேறாக இருப்பதால் 'டாஸ் லைன் பிரேக்ஸ்' என்று மறுக்கும். டாஸ்2யூனிக்ஸ் கட்டளை ஒருமுறை ஓட்டினால் தீர்ந்தது.

எஸ்க்யூவில் ஜாப் 'பிடி' என்ற காத்திருப்பு நிலையில் நின்றால் பக்கத்தில் காரணம் இருக்கும். 'ரிசோர்சஸ்' என்றால் இடம் காலியாகவில்லை. 'பிரையாரிட்டி' என்றால் உங்களுக்கு முன்னே ஆட்கள் இருக்கிறார்கள். இரண்டுக்கும் காத்திருப்பதே வழி. ஆனால் நேரத்தைச் சரியாகக் கேட்டால் காத்திருப்பு குறையும். பெரிய ஜாபுக்காக நோடுகள் ஒவ்வொன்றாகக் காலியாகும் இடைவெளியில், அதைத் தாமதிக்காத சிறு ஜாபுகளை ஸ்லர்ம் நுழைத்துவிடும். இரண்டு மணி நேர வேலைக்கு மூன்று நாள் கேட்டவருக்கு அந்த இடைவெளி கிடைக்காது. முதல் ஓட்டம் எடுத்த நேரத்தோடு கால் பங்கு கூட்டிக் கேளுங்கள்.

ஜாப் நடுவில் செத்து, 137 என்ற எண்ணோ 'அவுட் ஆஃப் மெமரி' என்றோ வந்தால் கேட்ட மெமரி போதவில்லை. இருமடங்காக்கி ஒருமுறை ஓட்டி, உண்மையில் எவ்வளவு எடுத்தது என்று பார்த்துப் பின் குறையுங்கள். நிறுவியிருந்தால் எஸ்எஃப் என்ற கட்டளை, ஜாப் எண்ணைக் கொடுத்தால் எத்தனை சதவீதம் பயன்பட்டது என்று சொல்லும். சிபியு பயன் 25 சதவீதம் என்றால் நான்கு கேட்டு ஒன்றில் ஓட்டியிருக்கிறீர்கள். மற்ற மூன்றும் வரிசையில் நின்றவர்களுடையவை.

ரயிலில் வருகிறவர்களுக்கு

கோவையிலிருந்து பாலக்காடு மெமுவில் தினமும் போய்வருபவர்கள் அதிகம். எட்டிமடைக்கும் கஞ்சிக்கோட்டுக்கும் நடுவே காட்டுப் பகுதியில் சிக்னல் அறுந்து, திரும்பும்போது முகவரி மாறிவிட்டால் எஸ்எஸ்எச் இணைப்பு உறைந்து நிற்கும். எஸ்பேட்ச்சில் அனுப்பிய ஜாபுக்கு இதனால் ஒன்றும் ஆகாது. லேப்டாப்பை மூடினாலும் அது தன் பாட்டுக்கு ஓடும். பதறிப்போய் மறுபடி அனுப்பி, ஒரே கோப்பில் இரண்டு ஜாப் எழுதிக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். முதலில் எஸ்க்யூ பாருங்கள்.

பாதிக்கப்படுவது நேரடியாகத் திறந்து வேலை பார்க்கும் அமர்வுதான். நுழைந்ததும் டிமக்ஸ் (இணைப்பு அறுந்தாலும் அமர்வைக் காப்பாற்றி வைக்கும் ப்ரோக்ராம்) என்று அடித்து, அதற்குள் வேலை பாருங்கள். அறுந்தால் திரும்ப நுழைந்து 'டிமக்ஸ் அட்டாச்'. விட்ட இடத்தில் கர்சர் காத்திருக்கும். லாகின் நோடு இரண்டு மூன்று இருக்கும் கிளஸ்டரில் மறுமுறை வேறொன்றில் இறக்கிவிடக்கூடும். அங்கே உங்கள் டிமக்ஸ் இருக்காது. முதலில் வந்த நோடின் பெயரைக் குறித்து வையுங்கள்.

உதவி கேட்பதும் விடைபெறுவதும்

உதவி கேட்டு எழுதும்போது பயனர் பெயர், ஜாப் எண், நேரம், எந்த நோடு, அடித்த கட்டளை, வந்த பிழை வரி ஆகியவற்றை எழுத்தாக அனுப்புங்கள், படமாக வேண்டாம். பாஸ்வேர்டை யாரும் கேட்க மாட்டார்கள். கேட்டால் அது மையத்திலிருந்து வந்த மின்னஞ்சல் இல்லை.

கட்டுரை வெளியிடும்போது இயந்திரத்துக்கு நன்றி குறிப்பிடும் வாசகம் பரம் இயந்திரங்களுக்கெல்லாம் உண்டு. அதைக் கணக்கு வாங்கிய அன்றே சேமித்து வையுங்கள்.

படிப்பு முடியும் மாதத்துக்கு ஒரு மாதம் முன்பே கோப்புகளைப் பிரித்துவிடுங்கள். லேபுக்கு விட்டுப்போக வேண்டியதை ப்ராஜெக்ட் கோப்புறைக்கு நகர்த்தினாலும் உரிமையாளராக உங்கள் பெயரே இருக்கும். அதை மாற்ற சாதாரணப் பயனரால் முடியாது, நிர்வாகிதான் மாற்ற வேண்டும். எந்தக் கோப்புறை, யார் பெயருக்கு என்று ஒரு வரி எழுதி, கைடையும் பிரதியில் சேர்த்து, கணக்கு மூடப்படுவதற்கு முன் அனுப்புங்கள்.